மருத்துவமனைச் சுவரை உடைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து உறைபனி விழத் தொடங்கியதும் நீலகிரியில் கட்டட வேலைகள் வேகம் பிடிக்கும். கூரை பிரிக்கவும் சுவர் உடைக்கவும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் தோதான காலம். மார்ச் முடிவதற்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்க வேண்டிய நெருக்கடியும் அப்போதுதான் வரும். பள்ளிக்கூடம் என்றால் விடுமுறையில் வேலையை வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் ஒரு அறையில் டைல்ஸ் உடையும்போது பக்கத்து அறையில் நோயாளி மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

அதனால் பொறியாளர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் உங்கள் இதழ் வழியாக ஒன்று கேட்கிறோம். தூசித் தடுப்பை எஸ்டிமேட்டில் தனி வரியாக, அளவோடும் விலையோடும் எழுதுங்கள். 'தூசி பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று நிபந்தனையில் ஒரு வாக்கியம் இருப்பதால் பயனில்லை. அதற்கு பில் போட முடியாது. பில் போட முடியாத வேலையைக் கான்ட்ராக்டர் தன் கைப்பணத்தில் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

தூசியில் அப்படி என்ன இருக்கிறது? முக்கியமாக அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள். மண், மக்கிய இலை, பழைய சுண்ணாம்புப் பூச்சு, ஈரம் ஊறிய மரம், ஃபால்ஸ் சீலிங்கின் மேல் படிந்த அழுக்கு என்று எல்லாவற்றிலும் அது உண்டு. ஒரு வித்தின் அளவு 2 முதல் 3.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அசையாத காற்றில்கூட அது ஒரு மீட்டர் கீழே இறங்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். கதவு ஒருமுறை திறந்து மூடினாலே மறுபடி மேலே கிளம்பிவிடும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கீமோதெரபியில் வெள்ளையணு குறைந்தவர்கள், ரத்தப் புற்றுநோயாளிகள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு நுரையீரலைத் துளைக்கும் நோயாக அது மாறக்கூடும். காசநோய் ஆறியும் நுரையீரலில் பள்ளம் விழுந்தவர்களிடம் அந்தப் பள்ளத்திலேயே குடியேறக்கூடும். 2021இல் 'கறுப்புப் பூஞ்சை' என்று நாடு முழுவதும் பேசப்பட்டது வேறு பூஞ்சை. அதுவும் மண்ணிலும் மக்கிய பொருளிலும் வாழ்வதுதான். இன்னொரு சிக்கல், காய்ச்சலும் இருமலும் பல நாள் கழித்தே தெரியும். அதற்குள் கொத்தனார் வேலையை முடித்துப் போயிருப்பார், நோயாளியைக் கோவைக்கு அனுப்பியிருப்பார்கள். சுவர் உடைத்ததையும் நோயையும் சேர்த்துப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.

மலைக் கட்டடங்களில் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தகரக் கூரையும் பலகை மச்சும் உள்ள பழைய கட்டடங்களில் வார்டுக்கு வார்டு சுவர் இருக்கும். மச்சுக்கு மேலே சுவர் இருக்காது, கூரை நெடுக ஒரே வெளி. கீழே எவ்வளவு நன்றாகத் தடுப்புக் கட்டினாலும் தூசி மேலே ஏறி, பலகை இடுக்கு வழியாக அடுத்த வார்டில் இறங்கும். தடுப்பு தரையிலிருந்து கூரையின் அடிவரை போக வேண்டும். கான்கிரீட் கட்டடமானால் ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்காமல் தளத்தின் அடிவரை. நாங்கள் பார்த்த குறைகளிலேயே அடிக்கடி வருவது இதுதான். மச்சில் புறா எச்சம் இருந்தால் அதில் கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு பூஞ்சையும் இருக்கலாம். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் தள்ளக் கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவைத்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, பையில் அள்ளிக் கட்ட வேண்டும்.

அடுத்தது காற்று. சரிவில் பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும், பொழுது சாய்ந்ததும் குளிர்காற்று கீழே இறங்கும். கீழ்த்தட்டில் செம்மண்ணைத் தோண்டினால் பகல் முழுக்க அந்தத் தூசி மேல்தட்டு வார்டுக்குத்தான் வரும். பள்ளத்தைப் பார்த்த ஜன்னல்களைத் தோண்டும் நேரம் முழுவதும் மூடி வையுங்கள், மண்ணை நனைத்துத் தோண்டுங்கள். உள்வேலைக்கு நிலைமை நேர் எதிர். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிவிடுவதால், வராந்தாவில் புகுந்த தூசி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும்.

தடுப்புக்கு வருவோம். ஒன்றிரண்டு நாள் வேலைக்கு 150 மைக்ரான் கனமுள்ள, எளிதில் தீப்பிடிக்காத பாலித்தீன் ஷீட் போதும். அதற்கு மேல் என்றால் ஜிப்சம் போர்டு அல்லது பிளைவுட் தடுப்பு. ஷீட்டை வெறும் டேப்பால் ஒட்டுவது சமவெளியில் தாங்கலாம். இங்கே பனிமூட்டத்தில் சுவர் வியர்க்கும், சுண்ணாம்பு அடித்த சுவரில் டேப் நிற்காது, காலையில் வந்து பார்த்தால் ஷீட் தரையில் கிடக்கும். ரீப்பர் கட்டையை ஷீட்டின் மேல் வைத்துத் திருகாணி போட்டு இறுக்கி, ஓரத்தில் சீலன்ட் பூசுங்கள். ஆட்கள் போய்வர இரண்டு கதவுகள் கொண்ட சிறிய இடைவழி வேண்டும். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். அவசர வழியை மட்டும் எந்தத் தடுப்பும் மறிக்கக் கூடாது.

தடுப்புக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும், குறைந்தது 2.5 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). அப்போதுதான் இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. கணக்கு எளிது. 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் அறை 3,000 கன அடி. மணிக்கு 12 முறை காற்று மாற 36,000 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கும் இயந்திரம் தேவை. ஃபில்டர் அடைக்க அடைக்க இழுவை குறையும் என்பதால் 800 என்று எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு முன்னால் ஹெப்பா ஃபில்டரைக் கட்டிவைப்பதில் பயனில்லை. அத்தனை அடர்த்தியான ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்க அதற்குத் திராணி இல்லை. புளோயர் வகை விசிறிதான் இழுக்கும். ஹெப்பா கிடைக்காத சிறிய மருத்துவமனையில் எக்ஸாஸ்ட் ஃபேனையே வைக்கலாம், ஆனால் அது காற்றைத் தள்ளும் இடத்திலிருந்து 25 அடிக்குள் வார்டு ஜன்னல் எதுவும் இருக்கக் கூடாது. இயந்திரத்தை இரவில் நிறுத்தக் கூடாது. மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே சகஜம் என்பதால் ஜெனரேட்டர் லைனில் இணைப்புக் கொடுங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்துக் கதவிடுக்கில் பிடித்தாலே தெரியும், உள்ளே இழுபட வேண்டும். ஊதுபத்திப் புகையிலும் பார்க்கலாம் என்பார்கள். ஆக்சிஜன் ஓடும் இடத்துக்கு அருகில் அதைக் கொளுத்தவே கூடாது. காலையில் வேலை தொடங்கும் முன்பும் மதியமும் செவிலியர் பார்த்து நேரத்தோடு பதிய வேண்டும். நாடா அசையவில்லை என்றால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கே இருக்கட்டும், கண்காணிப்பாளரைத் தேடிப் போகும் நிலை வேண்டாம்.

டைல்ஸ், கல் அறுப்பதைக் கட்டடத்துக்கு வெளியே, தண்ணீர் விட்டுச் செய்யலாம். இடிபாட்டைச் சாக்கில் கட்டி, மூடிய வண்டியில், நோயாளிகள் நடக்காத வழியில் கொண்டுபோக வேண்டும். பின்பக்க ஜன்னல் வழியாகச் சரிவில் கொட்டினால் கிளம்பும் தூசி முழுவதும் கீழ்த்தள ஜன்னல்களில் நுழையும். வாசலில் ஈரச் சாக்கு விரித்து, காய்வதற்குள் மாற்றுங்கள். பெருக்கவே வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மழைக்காலம் வந்துவிட்டால் வேறு தொல்லை. கூடலூர் பக்கம் ஜூனிலேயே பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் கனமழை. நனைந்த ஜிப்சம் போர்டும் பலகையும் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பனிமூட்டத்தில் தானாகக் காயும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று நாளாகியும் ஈரமாக இருக்கும் போர்டை அறுத்து எடுத்துவிடுங்கள், மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள்.

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பைப்பை வெட்டி இணைக்கும்போது உள்சுவரில் படிந்த அழுக்கு பெயர்ந்து வரும். குழாய் முனை வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, தெளிவான தண்ணீர் வரும்வரை, குறைந்தது ஐந்து நிமிடம், திறந்து விடுங்கள். அகற்றிய வாஷ்பேசினுக்குப் போன பைப்பைச் சுவருக்குள் அடைத்து விட்டுவிட்டால் அதில் தேங்கும் தண்ணீர் கிருமிக்கு வீடு. பிரதான லைன்வரை வெட்டி எடுக்க வேண்டும். நிமோனியா தரும் லீஜியோனெல்லா 25 முதல் 45 டிகிரி வரை வளரும். உதகையில் பச்சைத் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்தது, ஆபத்து வெந்நீர் லைனில் இருக்கிறது. மின்செலவுக்காகத் தொட்டி கீசரை 40 டிகிரியில் வைப்பது அதற்குச் சரியான சூடு. தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும், குழாயில் கலந்து கொடுங்கள். டயாலிசிஸ் பிரிவு இருந்தால், லைன் வேலை முடிந்தபின் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டும் முன் அவர்களிடம் சொல்லுங்கள். டயாலிசிஸ் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கார்பன் ஃபில்டரைத் தாண்டி வரும் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போனால் நோயாளியின் ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம்.

வேலை முடிந்ததும் ஃபார்மலின் புகை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. தூசியின் மேல் புகை அடிப்பதால் தூசி போகாது, ஃபார்மலினே புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தடுப்பைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே மேலிருந்து கீழாக ஈரத்தில் துடைத்து, ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டே ஷீட்டை நனைத்து உட்பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். அவசரத்தில் இழுத்துக் கிழித்தால் அத்தனை நாள் தடுத்த தூசியும் ஒரே நிமிடத்தில் வார்டுக்குள் போய்விடும்.

எனவே எஸ்டிமேட்டில் வர வேண்டியவை: தடுப்பு எத்தனை சதுர அடி, இயந்திரம் எத்தனை நாள் வாடகை, மாற்று ஃபில்டர் எத்தனை, மூடிய வண்டி, இறுதித் துப்புரவுக்கு எத்தனை ஆள்கூலி. கடைசி பில்லுக்குப் பொறியாளர் கையெழுத்தோடு தொற்றுத் தடுப்புச் செவிலியரின் கையெழுத்தும் வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
குன்னூர்.