மூசையில் போட்டு உருக்கும் முன் மெடலின் விளிம்பைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி அடகுக்கடைக்காரர்களுக்கும், பழைய வெள்ளி வாங்கும் கடைக்காரர்களுக்கும், பத்தர்களுக்கும் வணக்கம்.

வெள்ளி விலை ஏற ஏற, வீட்டில் கிடந்த கொலுசும் அரைஞாணும் உங்கள் தராசுக்கு வருகின்றன. அவற்றோடு எப்போதாவது ஒரு பட்டாளத்து மெடலும் வரும். அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் உலகப் போருக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த மெடல் பெரும்பாலும் வெள்ளி. அகலம் 36 மி.மீ. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன், கூடவே 1914, 1918 என்ற ஆண்டுகள். அதை வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ‘2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ என்றிருந்தால் அவர் பெங்களூர் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் ஆள்.

நம் பக்கம் ராமசாமியும் முனுசாமியும் தெருவுக்கு நாலு பேர். ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்த எண்தான். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் தேடலாம். பலருக்கு அப்பா பெயர், ஊர் வரை கிடைக்கும். உயிரோடு திரும்பியவருக்கு அந்த வழி இல்லை. சில கிராமங்களில் அன்றைய சர்க்கார் பதித்த கல்லில்கூட, இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு மட்டும்தான். அப்படித் திரும்பியவரின் பெயர் மிச்சமிருப்பது அந்த விளிம்பில் மட்டுமாக இருக்கலாம். உருக்கினால் அதுவும் போச்சு.

புதுச்சேரியில் நிலைமை வேறு. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் (சிப்பாய்களின்) மெடல்களில் பொதுவாகப் பெயர் பொறிப்பதில்லை. க்ருவா த கேர் என்ற பிரெஞ்சுப் போர்ப் பதக்கச் சிலுவை வெண்கலம் என்பதால் பழைய பித்தளையோடு கலந்துவிடுகிறது. யாருடையது என்று சொல்வது கூடவே வந்த சான்றிதழும் படைக் கையேடும்தான். வீட்டைக் காலி செய்யும்போது மெடல் ஒரு கடைக்கும் காகிதம் பழைய பேப்பர்காரருக்கும் போய்விட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்தில் ஜூலை 14 அன்று மலர்வளையம் வைக்கிற ஊரில் இப்படி நடக்கக் கூடாது.

வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொண்டு வருபவருக்குப் பணம் தேவை, உங்களுக்கு அது தொழில். ஆனால் விளிம்பைச் சுற்றி நாலு போட்டோ எடுத்து வையுங்கள். ‘யாரோடது, எந்த ஊர்?’ என்று ஒரு வார்த்தை கேட்டு ரசீதின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். காகிதம் இருந்தால் மெடலோடு சேர்த்தே வாங்குங்கள். வெள்ளி விலைக்கு மேல் கொடுக்க என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறோம். வாரிசு கிடைத்தால் அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுக்கவும் நான் தயார்.

இன்னொன்று: மெடலைத் தொங்கவிடும் வளையத்தை வெட்டாதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். எண்ணில் ஒரு இலக்கம் தேய்ந்தாலும் வேறு ஆளின் பதிவில் போய் நிற்போம்.