சாக்பீஸ் கோட்டுக்குள் நாற்பது பேர்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்தில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் ‘நாற்பதும் எட்டும்’ சங்கத்தின் கதையைச் சொல்லி முடித்தபோது இரவு எட்டரை மணி. அதுவரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கிளம்புகிற அவசரத்தில் பாதிப் பேருக்குத்தான் நன்றி சொல்ல முடிந்தது. மீதிப் பேருக்காகத்தான் இந்த மடல்.

முதலில் கார்டு ஐயாவுக்கு. காட்பாடி லைனில் முப்பது வருடம் கூட்ஸ் வண்டியோடு போய்வந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் போர்முனைக்குக் கொண்டுபோன கூட்ஸ் ரயில் பெட்டிகளில் ‘ஆள் 40, குதிரை 8’ என்று எழுதியிருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். “வாயால சொன்னா புரியாதும்மா” என்று எழுந்தார். இருபதரை அடி நீளம், எட்டரை அடி அகலம் என்று டேப் வைத்து அளந்து, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டார். நாற்பது பேரை எண்ணி உள்ளே நிற்க வைத்தார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. “சரி, இப்ப எல்லாரும் உக்காருங்க” என்றார். முழங்காலை மடக்கியதுமே ஓரத்தில் இருந்தவர்கள் கோட்டைத் தாண்டி வெளியே பிதுங்கிவிட்டார்கள். “ராத்திரி பூரா இப்படியே போகணும்” என்றார் ஐயா. சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. நான் ஒரு மணி நேரம் பேசியும் புரிய வைத்திருக்க முடியாது, ஐயா.

அந்தப் பெட்டியில் போய் உயிரோடு திரும்பியவர்கள் அந்த அவஸ்தையையே விளையாட்டாக மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு உருவானது 1919-ல். அடுத்த வருடமே பிலடெல்பியாவில் ஜோசப் மூனியும் அவருடைய தோழர்களும் அதற்குள்ளேயே கேலியும் கும்மாளமுமாக ஒரு கௌரவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயர்களில் பெரும்பாலானவை பிரெஞ்சு. அவற்றைச் சொல்லிக் கொடுத்த புதுச்சேரி அக்காவுக்கு என் அடுத்த நன்றி. கிளைக்குப் பெயர் ‘வுவாத்யூர்’, அதாவது வண்டி. கிளைத் தலைவர் ‘ஷெஃப் த கார்’, நம் ஸ்டேஷன் மாஸ்டர். உறுப்பினர் பயணி. புது ஆளைச் சேர்க்கும் சடங்குக்கு மட்டும் இங்கிலீஷில் ‘ரெக்’, ரயில் விபத்து என்றே பெயர்! மோட்டார் வண்டியை ரயில் இன்ஜின் மாதிரி ஜோடித்து, மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அக்கா உச்சரித்துக் காட்டியபோது முன்வரிசைப் பையன்கள் சேர்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“கறுப்பினச் சிப்பாய்களும் போருக்குப் போனார்களே, அவர்களைச் சேர்த்தார்களா?” என்று கேட்ட கல்லூரி மாணவிக்கும் நன்றி. நெடுங்காலம் சேர்க்கவில்லை. வெள்ளையருக்கு மட்டும் என்ற விதி இருந்தது. அந்தத் தகராறில்தான் லீஜனுக்கும் சங்கத்துக்கும் உறவு முறிந்தது. விதி 1970-களில்தான் நீங்கியது. அது தவறு, பெரிய தவறு. நீ கேட்டதால்தான் அதையும் சொல்ல முடிந்தது, கண்ணு.

அப்புறம், எனக்கு ஏன் இந்தச் சங்கத்தின் மேல் இவ்வளவு பிரியம் என்று பலர் கேட்டீர்கள். நான் தொழுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபி டெக்னீஷியனாக இருந்தவள். அங்கே நூலக அலமாரியில் ‘தி ஸ்டார்’ என்ற அமெரிக்க இதழின் பழைய பிரதிகள் கிடந்தன. லூசியானாவில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளே நடத்திய இதழ் அது. 1931-ல் அதைத் தொடங்கிய ஸ்டான்லி ஸ்டைனும் அங்கே ஒரு நோயாளி. அது அவர் சொந்தப் பெயர்கூட இல்லை. குடும்பத்துக்கு அவப்பெயர் வரக்கூடாது என்று அங்கே பலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். என் வார்டிலும் ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. மெழுகு ஒத்தடத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே ஒரு பெரியவர் தன் உண்மையான ஊரை என்னிடம் சொல்ல நாலு மாதம் ஆனது.

இடையில் நின்றுபோன இதழை 1941-ல் மறுபடி தொடங்கியபோது ஸ்டைனுக்குக் கண்பார்வை போயிருந்தது. அந்த இதழுக்கு அச்சு இயந்திரத்துக்கு உதவி, வருடக்கணக்கில் தோள் கொடுத்தவர்கள் இந்த ரயில்பெட்டிக்காரர்கள். வேலூரில் நோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் 1966-ல் போனதும் இதே கார்விலுக்குத்தான். அதனால் அவர்களை என்னால் அந்நியர்களாக நினைக்க முடியவில்லை.

1949-ல் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பிய ‘நன்றி ரயில்’ படங்களைப் பெரிதாக அச்சடித்துத் தந்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு நன்றி. அதே பழைய பெட்டிகள் 49, உள்ளே முழுக்கப் பரிசுகள். பலவற்றை இன்றும் சங்கத்தார் பெயிண்ட் அடித்துப் பாதுகாக்கிறார்கள். காசு வாங்க மறுத்த டீக்கடை அண்ணனுக்கும், நாற்காலி தூக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி.

நூலகர் அம்மா சாக்பீஸ் கோட்டை அடுத்த ஞாயிறு வரை அழிக்க மாட்டேன் என்றிருக்கிறார். வர முடியாமல் போனவர்கள் குழந்தைகளோடு வந்து உள்ளே நின்று பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கார்டு ஐயா இருப்பார்.

நன்றியுடன்,
உங்கள் பிசியோ அக்கா