தண்ணீர் வருகிற வழியில் வா, வசந்தி

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்புள்ள வசந்திக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது. தீபாவளி முடிந்த கையோடு நீயும் அண்ணனும் புனேயிலிருந்து கிளம்பி வருகிறீர்கள் என்று படித்ததும், சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இவரைக் கூப்பிட்டு மறுபடியும் சத்தமாக வாசித்தேன். அடுத்த வரிக்கு வந்ததும்தான் கோபம் வந்தது. ஒரு நாள் ஏற்காடு ஏரியில் படகில் சுற்றிவிட்டு மறுநாள் ரயிலேறிவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கா இவ்வளவு தூரம் வருகிறாய்? நாலு நாளாவது ஒதுக்கு, வசந்தி. முப்பது வருஷம் வெளியூரில் இருந்துவிட்டாய். உன் ஊர்த் தண்ணீரை நான் உனக்கு முழுதாகக் காட்ட வேண்டும்.

வீட்டுச் செய்தி அதிகம் இல்லை. பெரியவனுக்கு ஓசூரிலேயே வேலை நிலைத்துவிட்டது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் காலையில் மூக்கனேரிக் கரையில் நடக்கிறேன். இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த நடையில் மனதில் ஓடியவை.

நவம்பரில் வருவது நல்ல யோசனை. எல்லோரும் மே மாதத்தில்தான் ஏற்காட்டுக்கு ஓடுகிறார்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஊர் திமிலோகப்படும். அடிவாரத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து ஏறும். ஏரித் தண்ணீரோ கரையைவிட்டு இறங்கிக் கிடக்கும். நீ வரும்போது மல்கோவா கிடைக்காதுதான். அதற்குப் பதில் ஐப்பசி மழையில் நனைந்த மலை கிடைக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பாறை இடுக்குகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். ஒன்று மட்டும்: அடைமழை என்றால் ஒரு நாள் தள்ளித்தான் ஏறுவோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை இருக்கிறது, ஆனாலும் மலையிடம் அவசரம் காட்டக் கூடாது.

ஏற்காடு ஏரியில் படகு விடுவோம், கவலைப்படாதே. ஆனால் காலை ஏழு மணிக்கே கரைக்குப் போய்விட வேண்டும். பஜ்ஜிக் கடைகள் அப்போதுதான் அடுப்பு மூட்டுவார்கள், ஏரி பாதி பனியில் இருக்கும். அண்ணா பூங்கா பக்கமிருந்து பார்த்தால் எதிர்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். படகு இல்லம் திறக்கிற வரை சும்மா உட்கார்ந்திருப்போம்.

அங்கிருந்து ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன், தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். 1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். நீ வருவது பழம் பறிக்கிற பருவம். கணுவுக்குக் கணு கொத்தாகப் பழங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் இருக்கும் என்பதால் சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ள வேண்டும். ஒன்றை எடுத்து இரண்டு விரலால் பிதுக்கிப் பார். தோல் பிளந்து இரண்டு கொட்டைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மேலே இருக்கிற பசையை நாக்கில் வைத்தால் இனிக்கும். நாம் குடிக்கிற கசப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பொழுது சாய்வதற்குள் தோட்டத்தைவிட்டு வந்துவிட வேண்டும்; இப்போதெல்லாம் காட்டெருமைகள் தோட்டத்துக்குள்ளேயே நடமாடுகின்றன.

இனி சொல்லப்போவதை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவள் நீ. ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயம் என்று ஒரு பழைய கோயில் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் அங்கே நிற்பதில்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 1863இல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியை எடுத்து, இந்த நாட்டிலும் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று காட்டியவர் அவர். நிலவியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் வந்து குடியிருந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்தார். அங்கிருந்து அவரது அஸ்தியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அவருடைய மாமனார் யார் தெரியுமா? பெர்சிவல் பாதிரியார்! யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தாரே, அவரேதான். பின்னால் சென்னையில் 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்தினார், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டினார். அவர் 1882இல் இறந்ததும் ஏற்காட்டில்தான். விடுதியில் இரவெல்லாம் நாவலரைப் படித்துவிட்டு மறுநாள் பரீட்சைக்குப் போன நமக்கு, அந்த வரலாற்றின் ஒரு நுனி முப்பது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருந்ததை யாரும் சொல்லவே இல்லை. எனக்கு அதில் இன்றைக்கும் ஆற்றாமை உண்டு. என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஃபூட் தேடிய மாதிரிக் கற்கள் இந்த மலையிலும் கிடைத்திருக்கின்றன. மலை ஊர்களில் வழவழப்பான புதிய கற்காலக் கோடாரிகளைப் பிள்ளையார் முன்னால் வைத்துக் கும்பிட்டு வந்ததைப் பழைய பதிவுகள் சொல்கின்றன. இங்குள்ள மலைமக்களை மலையாளிகள் என்பார்கள், பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த வம்சம் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய சாமிதான் உச்சியில் குகைக்குள் இருக்கிற சேர்வராயன். பக்கத்திலேயே காவேரி அம்மன். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், சுவரெல்லாம் ஈரம். அங்கே அண்ணன் முழங்காலுக்குச் சிரமம் இல்லை. வண்டி மேலே வரைக்கும் போகும். வெளியே வந்தால் பரந்த புல்வெளி, ஓயாத காற்று.

ஆர்க்கிட் தோட்டத்துக்கும் போகலாம். மத்திய அரசின் தாவரவியல் துறை 1963 முதல் நடத்துகிறது. பூச்சி பிடிக்கிற குடுவைச் செடியை அங்கே பார்க்கலாம். லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் அரை மணி நேரம் போதும். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் மேட்டூர் தண்ணீர் மின்னுவது தெரியும். அதைக் கட்டாயம் கண்ணில் வாங்கிக்கொள், ஏனென்றால் மூன்றாம் நாள் அங்கேதான் போகப்போகிறோம்.

இப்போது என் திட்டம் உனக்குப் புரிந்திருக்கும். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. சீசனில் ஏரியைப் பார்த்துவிட்டு அருவியைப் பார்க்கிறவர்கள் இரண்டும் தனித்தனி இடங்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அருவிக்குப் படி இறங்கும்போது அண்ணன் மேலேயே இருக்கட்டும். செங்குத்து, மழையில் வழுக்கும். நாம் இரண்டு பேரும் போய்வருவோம்.

மலையில் பெய்கிற மழை அடிவாரத்தில் எங்கள் புது ஏரிக்கு வருகிறது. புது ஏரி நிரம்பினால்தான் மூக்கனேரிக்குத் தண்ணீர். பந்தியில் ஒரு இலை நிறைந்ததும் அடுத்த இலைக்கு நகர்கிற மாதிரி. மூக்கனேரி நிரம்பினால் மிச்சம் திருமணிமுத்தாற்றுக்கு. நம் முன்னோர் இந்தக் கணக்கில்தான் ஏரிகளை வெட்டினார்கள். நடுவில் ஒரு வாய்க்காலை எவனாவது அடைத்தால் கீழே உள்ள எல்லாமே காய்ந்துவிடும்.

நீ சேலத்தைவிட்டுப் போனபோது மூக்கனேரி எப்படிக் கிடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? முள்ளும் குப்பையும்தானே. 2010இல் சேலம் மக்கள் குழு என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து, சொந்தக் காசு போட்டுத் தூர் வாரினார்கள். வாரிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள். இன்றைக்கு அந்தத் திட்டுகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வக்கா சாயங்காலமானால் கத்திக்கொண்டே கிளம்புகிறது. நாமக்கோழியும் முக்குளிப்பானும் எப்போதும் உண்டு. காலையில் உன்னை எழுப்பிக் கூட்டிப்போவேன், தூக்கம் என்று சொல்லாதே.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் காட்டத்தான் போகிறேன். பனமரத்துப்பட்டி ஏரி. 1911இல் சேலம் நகரத்தின் குடிநீருக்காக வெட்டியது, 2,000 ஏக்கருக்கும் மேல். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்ததும் ஊர் அதை மறந்துவிட்டது. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன, சீமைக்கருவேலம் காடாக மண்டிவிட்டது. கரையில் நின்றால் தண்ணீர் நிற்க வேண்டிய இடமெல்லாம் முள்ளாகத் தெரியும். அழகான இடங்களை மட்டும் காட்டி உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை. ஒரு தலைமுறைக்கே தண்ணீர் கொடுத்த ஏரி அது. அதைப் பார்த்துவிட்டு மூக்கனேரியைப் பார்த்தால்தான் இங்கே நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மூன்றாம் நாள் தாரமங்கலம் வழியாக மேட்டூர். கைலாசநாதர் கோயில் மேற்குப் பார்த்த கோயில், 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எழுப்பியது. ரதியும் மன்மதனும் எதிரெதிர்த் தூண்களில். வாலி வதத் தூண்களைத்தான் நீ நின்று பார்க்க வேண்டும். ராமன் இருக்கிற தூணிலிருந்து வாலி தெரிவான், வாலி இருக்கிற இடத்திலிருந்து ராமன் தெரியமாட்டான். நீயே இரண்டு பக்கமும் போய் நின்று பார். யாளி வாயில் உருளுகிற கல் உருண்டை, கற்சங்கிலி எல்லாம் உண்டு. எட்டுப் பட்டைத் தெப்பக்குளத்தில் ஒரு கல்லை வீசினால் எட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பக்கத்து வறண்ட ஏரிகளுக்கு மேட்டூர் உபரிநீரைக் கொண்டுபோக 2020இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், மொத்தம் 100 ஏரிகள். போகிற வழியில் எந்தெந்த ஏரியில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம்.

மேட்டூர் அணையை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். 1925இல் தொடங்கி 1934இல் முடித்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பூங்காவும் மீன் வறுவலும் அப்படியே இருக்கின்றன. 16 கண் மதகையும் பார்ப்போம். நான் உன்னைக் கூட்டிப்போக நினைப்பது பண்ணவாடிக்கு. அணை நிரம்பியபோது அந்தப் பக்கத்துக் கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினார்கள், கோயில்களை விட்டுவிட்டு வந்தார்கள். நீர்மட்டம் நன்றாக இறங்குகிற வருஷங்களில் பழைய தேவாலயத்தின் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். அப்போது கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள், பேப்பரில் படம் வரும். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். நந்தி தலை தெரிந்தால் டெல்டாவில் குறுவை என்ன ஆகுமோ என்ற கவலைதான் வரும். நீ வரும்போது நந்தி முழுகியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பரிசல்துறையில் நின்று, அக்கரை நாகமரைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு ஊர் கீழே இருக்கிறது என்று தெரிந்து அந்தத் தண்ணீரைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும், வசந்தி. அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த இடத்தில்தான் தஞ்சாவூர் வரைக்கும் நெல் விளைகிறது. இதை ஒரு தடவையாவது அங்கே போய் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நாலாம் நாள் ஓய்வு. சுகவனேஸ்வரர் கோயில், கோட்டை மாரியம்மன், சாயங்காலம் தட்டுவடை செட். அண்ணனுக்குக் காரம் ஆகாதென்றால் தனியாகப் போடச் சொல்கிறேன்.

இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வா. அண்ணனுக்கு வழுக்காத செருப்பு முக்கியம். இவர் பாகர்வடி கேட்கிறார், ஒரு பாக்கெட் போதும். டிக்கெட் உறுதியானதும் தேதியைப் போட்டு எழுது. தோட்டக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் நான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சனி, ஞாயிறில் மலை ஏறுகிற மாதிரி மட்டும் போட்டுவிடாதே.

அன்புடன்,
உன் செல்வி