தூணின் அடியைச் சிமெண்டால் மூடாதீர்கள்

மதிப்புமிகு ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியாவின் பேரா மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துப் பழைய பலகை வீடுகளில் இப்போது ஒரு வேலை மும்முரமாக நடக்கிறது. அடி உளுத்த மரத்தூணைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குப் பலகை அடைத்து, உள்ளே சிமெண்டுக் கலவை ஊற்றி, மேலே பூசிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். பார்வைக்குப் புதுக்கால் போலத்தான் இருக்கும். ஆனால் வீட்டின் பாரம் அந்தச் சிமெண்டில் இறங்குவதே இல்லை. அது இன்னமும் நடுவிலுள்ள உளுத்த மரத்தின் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. மரம் காய்ந்து சுருங்கும்போது மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி விழும். மேலிருந்து வழியும் மழைநீர் அதில் இறங்கித் தங்கிவிடும், வெளியேற வழியில்லை. கறையானுக்கும் அதுவே மறைவான பாதை. வெளியில் ஒரு மண்கோடுகூடத் தெரியாமல் உத்திரம்வரை ஏறிவிடும். மெராந்தி போன்ற மென்மையான மரமென்றால் கேட்கவே வேண்டாம். செங்கால் போன்ற வைரமான மரமே ஆனாலும் ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில், அதாவது தரைமட்டத்துக்குச் சற்று மேலும் கீழும், முதலில் இற்றுப்போகும்.

எந்தத் தூண் கெட்டது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பட்டையான ஸ்குரூடிரைவரைத் தரையோடு ஒட்டிய இடத்தில் கையால் அழுத்துங்கள். அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் அங்கே மரம் இல்லை, தூள்தான் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மொத்தென்று அடங்கிவிடும். தாழ்ந்த தூணைக் கண்டறிய, தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயை வீட்டடி முழுக்கக் கொண்டுபோய் ஒவ்வொரு தூணிலும் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து உத்திரத்தின் அடிவரை அளந்தால் எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தேதியோடு எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். எப்போதோ இறங்கி நின்றுவிட்ட தூணும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் தூணும் ஒன்றல்ல. முதலாவதற்கு ஆப்பு வைத்தாலே போதும்.

இறங்கிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் தூணில் இல்லை, வாசலில் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து ஓரடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்குகிறோம். ஓரடி மண் சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் கனக்கும். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடு, ஆட்களையும் சாமான்களையும் சேர்த்தாலும், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய கால் டன்தான். வீட்டைவிட இரு மடங்கு பாரத்தை வீட்டைச் சுற்றிக் கொட்டிவிட்டு, வீடு இறங்குகிறதே என்றால் என்ன செய்வது? நம்முடையது கடலோரத்து இளகிய களிமண். பக்கத்தில் தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த கோபுரம் சாய்ந்து நிற்பதற்கும் அடிமண்ணின் இளக்கமும் உள்ளே வைத்த தண்ணீர்த் தொட்டியின் பாரமுமே காரணமாகச் சொல்லப்படுகின்றன. கொட்டிய மண் தூணின் அடியையும் புதைத்து அழுகலைத் துரிதப்படுத்துகிறது. ஆகவே எந்தச் செலவுக்கும் முன்னால் தூணைச் சுற்றி இரண்டடி தூரத்துக்குக் கொட்டிய மண்ணை வெட்டி எடுங்கள். தாழ்வாரத்துத் தண்ணீர் தூணடியில் விழாதபடி கூரை ஓரத்தில் பீலி போட்டு லோங்காங் எனும் வடிகாலுக்குத் திருப்புங்கள். சில வீடுகளில் இந்த இரண்டோடு வேலை முடிந்துவிடும்.

தூணை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், முழுத் தூணையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அழுகிய அடியை அறுத்துவிட்டு, கீழே கான்கிரீட் குட்டைக்கால் வார்த்து, நல்ல மரத்தை அதன்மேல் உட்கார வைக்கலாம். ஒரு தூணில் சாதாரணமாக ஒன்று முதல் ஒன்றரை டன் பாரம் இருக்கும், ஓட்டுக் கூரையானால் கூடுதல். 10 டன் ஜாக் தாராளம். ஆனால் ஜாக்கை வெறும் தரையில் வைத்தால் வீடு ஏறாது, ஜாக்தான் மண்ணுக்குள் இறங்கும். இரண்டங்குலக் கனமுள்ள பலகையை இரண்டடிக்கு இரண்டடி விரித்து, அதன்மேல் நாலங்குலக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் ஜாக் வைக்க வேண்டும். உத்திரத்துக்கும் ஜாக்குக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் கனத் தகடு இல்லாவிட்டால் மரம் நசுங்கும். அடுக்கு, தோண்டப்போகும் குழியின் விளிம்பிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். பழைய வீடுகளில் இரண்டு உத்திரக் கட்டைகள் தூணின் தலையிலேயே சந்திப்பது வழக்கம். அப்படியிருந்தால் இருபுறமும் ஜாக் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் மறுபக்கக் கட்டை விழும்.

தூக்குவது ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிதான். பிறகு நிறுத்தி, கதவு பிடிக்கிறதா, தண்ணீர்க் குழாய் இழுபடுகிறதா, மின்கம்பி விறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அஸ்பெஸ்தாஸ் கூரையும் கூரையடித் தட்டியும் வளையாது, உடையும். உடைந்தால் அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பல வருடங்களாகத் தாழ்ந்திருந்த வீட்டை ஒரே நாளில் மட்டத்துக்குக் கொண்டுவர நினைப்பதுதான் ஜன்னல் சட்டம் பிளப்பதற்குக் காரணம். தூணிலிருந்து பாரம் விடுபட்டால் போதும், அதற்கு மேல் ஆசை வேண்டாம். விடுபட்டதும் பாரத்தைக் கட்டை அடுக்குக்கு மாற்றிவிட வேண்டும். ஜாக்கின் எண்ணெய் கசியும், அதை நம்பி இரவைக் கழிக்கக் கூடாது. ஒரு தூண் முடிந்த பிறகே அடுத்தது, அதுவும் பக்கத்துத் தூண் அல்ல.

குட்டைக்காலுக்கு அடியில் வார்க்கும் கான்கிரீட் பீடத்தின் அளவில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஒன்றரை டன்னை இரண்டடிக்கு இரண்டடி பீடத்தில் நிறுத்தினால் மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 4 டன் அழுத்தம் விழும். நம் களிக்கு அது அதிகம். இரண்டரை அடியாக்கினால் 2.6 டன்னுக்கு இறங்கிவிடும். குழி இரண்டரை அடி ஆழம். அடியில் மூன்றங்குலம் சிமெண்டு குறைந்த சன்னக் கலவை போட்டுச் சமப்படுத்தி, அதன்மேல் பத்தங்குலப் பீடம். 12 மில்லி கம்பி ஆறங்குல இடைவெளியில் திசைக்கு ஐந்து, அடியில் இரண்டங்குலம் கான்கிரீட் மூடும்படி கல்வைத்துத் தூக்கிக் கட்ட வேண்டும். குட்டைக்கால் பத்தங்குலச் சதுரம், நான்கு 12 மில்லி கம்பி, ஆறங்குலத்துக்கு ஒரு 6 மில்லி வளையம், தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரம். பீடத்துக்கும் குட்டைக்காலுக்கும் ஆகும் சிமெண்டு 50 கிலோ மூட்டையில் ஒன்றேகால்தான். 18 லிட்டர் சாய வாளியில் மணல் ஐந்து, முக்கால் அங்குலக் கல் பத்து. தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மணல் நனைந்திருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கலவை இலகுவாக ஓட வேண்டுமென்று குழாயைத் திறந்து விடுகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைத்து, பதினான்கு நாள் கழித்துப் பாரத்தை இறக்கலாம்.

குட்டைக்காலின் தலையில் துத்தநாகம் தோய்த்த இரும்புத் தொட்டில் ஒன்றைக் கலவை ஈரமாக இருக்கும்போதே பதிக்க வேண்டும். மரம் அதில் உட்காரும், கான்கிரீட்டைத் தொடாது. நடுவே அரை அங்குலம் காற்றோட்டம் இருக்கட்டும். இரண்டு 12 மில்லி போல்ட் குறுக்கே போக வேண்டும். தகரக் கூரை வீட்டைக் காற்று தூக்கவும் செய்யும் என்பதை மறந்துவிடுகிறோம். தொட்டிலுக்கு அடியில் இரண்டங்குலம் வெளியே நீட்டிச் சாய்வாக மடித்த தகடு வைத்தால் கறையான் அதைச் சுற்றி வெளியில்தான் வர வேண்டும். தகடு அதைத் தடுக்காது, கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. பழைய இஞ்சின் எண்ணெய் பூசுவது மேற்பரப்போடு சரி, கிணற்றுத் தண்ணீரைக் கெடுப்பதுதான் மிச்சம். ரப்பர்க் காடாக இருந்த நிலத்தில் புதைந்து கிடக்கும் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்காதவரை, உயிருள்ள ரப்பர் மரத்தையே கொல்லும் அந்தக் கறையான் மறுபடியும் வரும். மருந்தடிக்க உரிமம் பெற்றவர்களையே கூப்பிடுங்கள்.

கான்கிரீட் கால்களில் கம்பி துருப்பிடித்து உப்பி, மேற்பூச்சு பிளந்தால் அதன்மேல் பூசி மறைப்பது வீண். கம்பியின் பின்னால் ஓரங்குலம் இடம் கிடைக்கும்வரை உடைத்து, துருவை மினுமினுப்பு வரும்வரை சுரண்டி, கால்பங்குக்கு மேல் கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். 12 மில்லி கம்பியானால் புதுக்கம்பி இரு முனையிலும் பழையதோடு 480 மில்லி சேர்ந்து ஓட வேண்டும். உடைக்கும் முன் முட்டுக்கொடுக்க மறக்கக் கூடாது.

பின்பக்கக் குசினி (சமையலறை) நீட்டிப்புதான் இன்னொரு தலைவலி. நாலரை அங்குலச் செங்கல் சுவர், இருபுறப் பூச்சோடு, சதுர மீட்டருக்கு 260 கிலோ. பத்தடி உயரச் சுவர் மீட்டருக்கு முக்கால் டன்னுக்கு மேல். இதைப் பழைய வீட்டுத் தூணோடு கம்பி அடித்து இணைத்தால், குசினி இறங்கும்போது வீட்டையும் பின்னுக்கு இழுக்கும். தனி அடித்தளத்தில் நிறுத்தி, இரு கட்டடத்துக்கும் இடையே ஓரங்குலம் விட்டு, மேலே தகரத்தால் மூடிவிட வேண்டும். சுவரில் சாய்வாகப் படியேறும் விரிசல் 5 மில்லியைத் தாண்டினால் மேஸ்திரி போதாது, பதிவு பெற்ற பொறியாளர் பார்க்க வேண்டும்.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இத்தகைய மாற்றங்களுக்கு ஊராட்சி மன்ற அனுமதி தேவை. தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் இன்னும் குடியிருக்கும் தொழிலாளர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத் தூண் மாற்றக் கூடாது. தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் அந்தப் பராமரிப்பை முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலை ஆள்பல (தொழிலாளர்) இலாகாவுக்கு அனுப்பலாம். சொந்த வீட்டுக்காரர்கள் விலை பேசும்போது பீடத்தின் அளவு, கம்பியின் தடிப்பு, மூட்டைக் கணக்கு மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். கலவை ஊற்றும் முன், குழிக்குள் கம்பி கட்டிய நிலையில் அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கட்டட மேற்பார்வையாளர்,
ஊத்தான் மெலிந்தாங், பேரா.