லாமிக்கு ஒன்றும் வயதாகிவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சி சாலையில் இருக்கும் லாமி முதலான யானைகளைக் காட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். நான் லெனேசியாவில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவள். போன மாதம்தான் என் பேத்தியை அங்கே கூட்டிப் போயிருந்தேன். போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் போனேன்.

அந்த இடத்தை என்னால் வெறுக்க முடியாது. 1904இல் சுரங்க முதலாளி ஹெர்மன் எக்ஸ்டீன் நினைவாக ஊருக்குக் கொடுத்த நிலம் அது. எல்லா மக்களுக்கும் பொது என்று தானமாக வந்ததால், நிறவெறிக் காலத்தில்கூட எங்களை வாசலில் நிறுத்த முடியவில்லை. பூங்கா பெஞ்சு, கடற்கரை, பயாஸ்கோப் என்று எங்கே போனாலும் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று ஒரு பலகை இருக்கும். இங்கே அப்பா எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே நடப்பார். அம்மா ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டித் துணியில் கட்டி எடுத்து வருவார். நகரத்துக்குள் இருந்த பேஜ்வியூ வீட்டைக் காலி செய்யச் சொல்லி, ஊருக்கு வெளியே இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லெனேசியாவுக்கு எங்களை அனுப்பிய பிறகும், அவ்வளவு தூரம் வண்டி மாறி வருடத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுவோம். அப்பா அதிகம் பேசமாட்டார். யானைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

பேத்திக்கு எட்டு வயது. அதே யானைகள் பக்கம்தான் அவளும் ஓடினாள். "ஆயா, லாமி எந்தக் காட்டிலிருந்து வந்தது?" என்று கேட்டாள்.

லாமி எந்தக் காட்டிலிருந்தும் வரவில்லை. 1979இல் இங்கேயே பிறந்தாள். துணையாக இருந்த கிங்கல் 2018இல் இறந்ததும் தனியாக நின்றாள். மறு வருடம் மொபானி, ரமடிபா என்று இரண்டு யானைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சரி, தனிமை தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் காட்டில் ஒரு பெண் யானை அம்மா, பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு கூட்டத்தோடு ஆயுசு முழுக்க நடக்கிறது. வயதில் மூத்தவள் முன்னால் போவாள்; வறட்சியில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது அவளுக்கு நினைவிருக்கும். லாமிக்குத் தண்ணீரைத் தேட வேண்டிய தேவையே ஒரு நாளும் வந்ததில்லை. இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "இங்கேதான் பிறந்தது" என்று மட்டும் சொன்னேன். "அப்போ இது வெளியே போனதே இல்லையா?" என்றாள்.

பிறந்ததே இங்கே, வெளியே விட்டால் பிழைக்காது என்று பலர் சொல்கிறார்கள். சார்லியின் கதையைப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன். சார்லியை 1984இல், இரண்டு வயதுக் கன்றாக இருந்தபோது, ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே காட்டில் பிடித்தார்கள். பிறகு சர்க்கஸ், அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் பிரிட்டோரியா மிருகக்காட்சி சாலை. கூட இருந்த யானைகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர, கடைசியில் அவன் மட்டும் மிச்சம். 2024 ஆகஸ்டில் அவனை லிம்போபோவில் உள்ள ஷம்பாலா காப்புக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். எடுத்தவுடனே அவிழ்த்துவிடவில்லை. மருத்துவர் மேற்பார்வையில் முதலில் ஒரு சிறிய அடைப்பில் வைத்து, இடத்துக்குப் பழக்கினார்கள். நாற்பது வருட அடைப்புக்குப் பிறகு இதைச் செய்ய முடிந்தது.

சார்லி காட்டில் பிறந்தவன், லாமி அப்படியில்லை. வித்தியாசம் உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவைத் திறந்து துரத்திவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லையே. அதே போல மெல்லப் பழக்கிக் கொண்டுபோகலாம் என்பதுதான் கோரிக்கை. விலங்கு நல அமைப்புகள் 2024இல் இதற்காக வழக்கே போட்டிருக்கின்றன. யானைக்கு அறுபது வயது தாண்டியும் ஆயுசு உண்டு. லாமிக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை.

மிருகக்காட்சி சாலையை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று ஒன்று, கட்டைவிரல் அளவுகூட இருக்காது. குவாசுலு-நட்டால் கடற்கரைச் சதுப்பு நிலத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கரும்புத் தோட்டத்துக்காகவும் பிறகு கட்டடங்களுக்காகவும் அந்த நிலத்தின் தண்ணீரை வடித்தார்கள். தவளை அழிகிற நிலைக்கு வந்துவிட்டது. என் பாட்டி டோங்காட் பக்கம் அந்தக் கரும்பைத்தான் வெட்டினார். அந்தத் தவளையை ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சி சாலையில் இனப்பெருக்கம் செய்யவைத்து, மறுபடி அதே கரையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சின்னப் பிராணிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி போதும், திரும்பிப் போக ஒரு கரையும் இருக்கிறது. யானைக்கு எத்தனை ஏக்கர் கொடுத்தாலும் நகரத்துக்குள் அது போதாது.

வீட்டுக்கு வந்ததும், லாமியை ஷம்பாலா மாதிரி ஓர் இடத்துக்கு அனுப்பச் சொல்லிப் பேத்தி நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதைப் பார்த்து எங்கள் பழைய தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் எழுதினார்கள். இப்போது என் மேசையில் பதினேழு கடிதங்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை அனுப்புகிறேன். இந்த ஊரில் இருக்கும் உங்கள் வாசகர்களும் ஆளுக்கொன்று எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்