மண்ணுக்கு அடியில் கிடப்பதும் பழைய ரங்கூன்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ரங்கூனின் பழைய கட்டடங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தேக்குப் படிக்கட்டு, வார்ப்பிரும்பு அழி, பாரம்பரியக் கட்டடம் என்று சுவரில் மாட்டிய நீலப் பலகை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் கட்டுரை தரைமட்டத்தோடு நின்றுவிட்டது; அடியில் கிடக்கும் கழிவுநீர்க் குழாய்களைத் தொடவே இல்லை. மகாபண்டூலா சாலைப் பக்கம் முப்பது வருடம் குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தவன் நான் (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடைசிவரை அது டல்ஹௌசி தெருதான்). அதனால் கொஞ்சம் உறுத்தியது.

நகர்ப்பகுதியின் கழிவுநீர் ஏற்பாடு 1888 வாக்கில் வந்தது. ஆற்றை ஒட்டிய தாழ்ந்த, மட்டமான ஊர் இது. குழாயைச் சரிவாகப் போட்டால் கழிவு தானே ஓடிவிடும் என்று இங்கே விட முடியாது. அதனால் ஐசக் ஷோன் என்ற பொறியாளரின் முறையைக் கொண்டுவந்தார்கள். தெருவுக்கு அடியில் ஆங்காங்கே இரும்புக் கலங்கள். கலம் நிறைந்ததும் உள்ளே இருக்கும் மிதவை மேலே வந்து வால்வைத் திறக்கும். தனிக் குழாயில் வரும் அழுத்தக் காற்று புகுந்து, கழிவை அப்படியே அடுத்த குழாய்க்குத் தள்ளிவிடும். அப்புறம் கலம் மறுபடி நிறையத் தொடங்கும். இப்படித் தள்ளியதெல்லாம் 2005 வரை நேரே ஆற்றில்தான் விழுந்தது. அந்த வருடம்தான் பொட்டடாங்கில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது.

1891 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகை சுமார் 1,80,000. 2014இல் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வெளிப்பகுதிகள் செப்டிக் டேங்கை நம்பி இருப்பவை, அவற்றை விடுங்கள். நகர்ப்பகுதியிலேயே மூன்று மாடி இருந்த மனையில் இன்று எட்டு மாடி நிற்கிறது. குழாய் மட்டும் கொள்ளுத்தாத்தா காலத்தது.

எங்கள் வரிசையில் ஒரு புதுக் கட்டடம் எழும்பியபோது, அதன் கழிவை எல்லாம் பின்சந்தில் இருந்த பழைய குழாயிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த ஆடி மாத மழையில் தரைத்தள வீடுகளில் கக்கூஸ் ‘களக் களக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஆற்றில் பெருக்கும் ஏறிய ஒரு ராத்திரி, என் தங்கை வீட்டுக்காரர் மணல் மூட்டையைக் கொண்டுவந்து கக்கூஸ் மேல் போட்டுவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் செய்தது என்ன? ஆளைக் கூப்பிட்டு மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினோம். தண்ணீர் இறங்கியது. எல்லாரும் மறந்துவிட்டோம். மூன்று மாதத்தில் மறுபடி அதே கதை.

குத்திவிடுவது மராமத்து ஆகாது. அடைப்பு எங்கே இருக்கிறது என்பது அதில் தெரியும்; ஏன் வந்தது என்பது தெரியாது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் மூட்டுகளில் சணலைத் திணித்து, ஈயம் காய்ச்சி ஊற்றியிருப்பார்கள். ஈயம் தளர்ந்தால் மழைக்காலத்தில் மண்ணும் நிலத்தடி நீரும் உள்ளே வரும், வெயில் காலத்தில் கழிவு வெளியே கசியும். சுவரில் முளைத்த அரசமரத்தின் வேர் அந்த மூட்டைத் தேடிப் போய்விடும். டீக்கடை எண்ணெய் உள்ளே கட்டியாக உறைகிறது. வெற்றிலை மடித்துத் தரும் குட்டிப் பிளாஸ்டிக் பைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நாமே எறிகிறோம்.

சக்கரம் வைத்த கேமராவைக் குழாய்க்குள் ஓட்டிப் பார்க்கும் வசதி இன்று இருக்கிறது. விரிசல் மட்டும்தான் என்றால் தெருவை வெட்ட வேண்டாம். ரெசின் என்ற இறுகும் பிசினில் ஊறிய துணிக்குழலை உள்ளே செலுத்தி, காற்றாலோ நீராலோ உப்பவைத்து, சூடு காட்டி இறுக்கினால் பழைய குழாய்க்குள் புதுக் குழாய் உருவாகிவிடும். லண்டனில் 1971இல் முதன்முதலாகச் செய்த வேலை இது, புதுமையே இல்லை. குழாய் நொறுங்கி உட்கார்ந்திருந்தால்தான் தோண்ட வேண்டும். எது எப்படியானாலும் ஆளை மட்டும் மேன்ஹோலுக்குள் இறக்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு அதிகமாகிவிட்டால் மூக்குக்கு நாற்றமே தெரியாது, ஆள் சாய்ந்துவிடுவான்.

செலவுக்கு எங்கே போவது என்பார்கள். முகப்புக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்கு வீடு வசூல் செய்கிறோம், லிஃப்டுக்கு மாதாமாதம் கொடுக்கிறோம். அந்தக் கணக்கில் பின்சந்துக் குழாய்க்கும் ஒரு வரி எழுதலாம். முக்கியமாக, சந்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கேமரா ஓட்டிப் பார்த்து, மேன்ஹோல் மூடிகள் எங்கெங்கே என்று வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.

எங்கள் சந்தில் மூன்று மூடிகள் ஏற்கெனவே கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டன. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே நாலு அடி தள்ளி, ஒன்று தையல்கடையின் பின்வாசல் படிக்குக் கீழே. மூன்றாவதை நேரில் வந்தால்தான் காட்ட முடியும். எனக்கு 74 வயதாகிறது. வருபவர்கள் இந்த மழைக்கு முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பழைய குழாய்க்கடைக்காரர்,
ரங்கூன்