விடலைப் பருவத்துக்கு ஒரே கதைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிப் பருவப் படங்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். சைக்கிள், மழை, ஜன்னலோரப் பெண். நம் சினிமாவில் விடலைப் பருவம் பெரும்பாலும் இதோடு சரி.

எங்கள் வீதியில், பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் ஒடிசாக்காரரின் மகன் எட்டாவது படிக்கிறான். கடைக்கு வந்தால், "ஏனுங்க, பால் தீந்துருச்சுங்களா?" என்பான். வீட்டுப்படி ஏறியதும் ஒடியா. ஆஸ்பத்திரியில் அம்மாவின் வயிற்றுவலியை டாக்டருக்குத் தமிழில் சொல்வதும் அவன்தான். சொல்லக் கூச்சப்பட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். இதைவிடவா கதை வேண்டும்? படத்திலோ 'வடக்கன்' என்றால் திருடன், இல்லாவிட்டால் காமெடி.

நடையில் நளினம் உள்ள பையன் திரையில் வந்தால் தியேட்டரே சிரிக்கிறது, நானும் சிரித்தவன்தான். தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. தன்பால் ஈர்ப்புள்ள ஒரு பையன் வளர்வதைச் சொன்ன 'மூன்லைட்' என்ற அமெரிக்கப் படம் 2017-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரே வாங்கியது. இங்கே அவனுக்கு ஹீரோவின் நண்பனுக்கு நண்பன் வேடம். அதுவும் இடைவேளைக்குப் பிறகு ஆளைக் காணோம்.

– ஒரு வாசகர், அனுப்பர்பாளையம், திருப்பூர்